முதலில் தின்று பார்த்தவர் யார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எது உணவு, எது நஞ்சு என்று அறிவதற்குள் ஆதிமனிதர்களில் எத்தனை பேர் மாண்டிருப்பார்கள்?

பதில்: நீங்கள் அஞ்சும் அளவுக்கு இருக்காது. மனிதன் ஒரு நாள் திடீரென்று பசியோடு காட்டில் வந்து நின்றவன் அல்லன். சிம்பன்சிக் குட்டி தாய் தின்பதைப் பார்த்துக் கற்பதைப் போல, இந்த அறிவு மனிதன் தோன்றுவதற்கு முன்பிருந்தே தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. பல நஞ்சுகளின் அடையாளமான கசப்பை உணர மட்டுமே நமக்குச் சுமார் 25 வகை ஏற்பிகள் உள்ளன. புதிய நிலத்துக்குப் பெயர்ந்தவர்களும் பஞ்சத்தில் சிக்கியவர்களும்தான் அறியாததை வாயில் வைக்க நேர்ந்தது.

கேள்வி: பறவை கொத்திய பழம் நமக்கும் ஆகும்தானே?

பதில்: ஆகாது. எட்டிப்பழத்தை இருவாட்சி உண்ணும். அதன் விதையில் இருப்பது ஸ்ட்ரிக்னின் என்னும் கொடிய நஞ்சு. காட்டில் கண்டதை வாயில் வைக்காதீர்கள்.

கேள்வி: மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைப்பது வெறும் பழக்கம்தானே? கழுவிச் சமைத்தால் போதாதா?

பதில்: ஐரோப்பியர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். தானியத்தைக் கப்பலில் ஏற்றியவர்கள், மூவாயிரம் ஆண்டுகளாக அதைச் சமைத்துவந்தவர்களின் முறையை அங்கேயே விட்டுவிட்டார்கள். மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்னும் வைட்டமின் பெரும்பாலும் உடலுக்குக் கிட்டாதபடி பிணைந்திருக்கிறது; அதை விடுவிப்பது சுண்ணாம்பு. அது இல்லாமல் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, சித்தம் கலங்கும் பெலாக்ரா நோய் வந்தது. ஸ்பெயின் மருத்துவர் காஸ்பர் காசால் 1735-இல் அதை விவரித்தார். உடலுக்குக் கிட்டாமற்போன சத்து நியாசின்தான் என்பது தெளிவாவதற்கு 1937 வரை ஆயிற்று. அதற்குள் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மட்டும் ஏறக்குறைய 1 லட்சம் பேர் இறந்திருந்தார்கள். கசப்பு மரவள்ளியின் கதையும் இதுவே: அமேசான் மக்கள் அதைத் துருவி, பிழிந்து, வறுத்து நஞ்சை நீக்கினார்கள், ஆப்பிரிக்காவில் வறட்சிக் காலங்களில் அவசரமாகப் பக்குவம் செய்து உண்டவர்களுக்குக் கொன்சோ நோயால் கால்கள் முடங்கின. பிற நாட்டு உணவை “அற்புத உணவு” என்று கூவி விற்பவர்கள், அதன் பக்குவத்தைப் பொட்டலத்தில் ஒரு வரியாவது அச்சிட்டால் என்ன?

கேள்வி: காட்டு உருளைக்கிழங்கைத் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் எப்படி உண்டார்கள்?

பதில்: நஞ்சைப் பற்றிக்கொள்ளும் ஒருவகைக் களிமண்ணைக் குழைத்து, அதில் தோய்த்து உண்டார்கள். கசப்பு வகைகளை இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்தி, பல ஆண்டுகள் கெடாத ‘சுன்யோ’ என்னும் உலர்கிழங்கு ஆக்கினார்கள்.

கேள்வி: தோட்டத்தில் முளைத்த காளானின் படம் இணைத்துள்ளேன். வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லை. சமைக்கலாமா?

பதில்: படம் பார்த்துக் காளானுக்கு உத்தரவாதம் தரமாட்டேன் என்று எத்தனை முறை எழுதுவது? வெள்ளி கறுப்பதற்கும் காளான் நஞ்சுக்கும் தொடர்பே இல்லை. ஐரோப்பாவின் மரணத்தொப்பிக் காளானை உண்டு பிழைத்தவர்கள் அது சுவையாக இருந்ததாகவே கூறியிருக்கிறார்கள். வாந்தி தொடங்க ஆறு மணி நேரத்துக்கு மேலாகும், அதற்குள் நஞ்சு கல்லீரலை எட்டிவிடும். கண்டதை வாயில் வைக்காதீர்கள்.

கேள்வி: பாதாம் ஒன்று மிகவும் கசந்தது. விழுங்கலாமா?

பதில்: துப்பிவிடுங்கள்.