எரிமலைல கந்தகம் இருக்கே, அப்புறம் எதுக்கு சல்பைட்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சிசிலி தீவுல எட்னா எரிமலைச் சரிவுல நேச்சுரல் ஒயின், அதாவது வெளிய இருந்து எதுவும் சேர்க்காம, இல்ல ரொம்ப கம்மியா சேர்த்து, பண்றவங்கள பத்தி எழுதியிருந்தேன். வந்த கேள்விகள்ல பாதி கந்தகத்த பத்தி, மீதி ருசிய பத்தி. ஒரே மாதிரி இருந்தத சேர்த்துட்டேன்.

கேள்வி: எரிமலை மண்ணுல ஏற்கனவே கந்தகம் இருக்கிறதால அங்க வெளையுற திராட்சைக்கு சல்பைட் சேர்க்கவே தேவையில்லன்னு ஒருத்தர் சொன்னார். நிஜமா?

இல்லைங்க. கேட்க நல்லா இருக்கு, அதான் இவ்வளவு பேர் நம்புறாங்க. எரிமலை வாய்ல இருந்து வர்ற புகை வேற, மண்ணுல இருக்கிறது வேற, பாட்டில்ல போடுறது வேற. வேர் மண்ணுல இருந்து கந்தகத்த சல்ஃபேட்டா உறிஞ்சிக்குது, அது செடிக்கு ஒரு சத்து, எந்த ஊரு மண்ணா இருந்தாலும் இதுதான் கதை. ஒயின் கெடாம பாத்துக்கிறது சல்ஃபர் டை ஆக்சைடு, சல்பைட்னு சேர்க்குறது இதத்தான், அது மண்ணுல இருந்து பழத்துக்குள்ள ஏறி வர்றதில்ல. வேடிக்கை என்னன்னா ஈஸ்ட்டே நொதிக்கிறப்ப கொஞ்சம் சல்ஃபர் டை ஆக்சைட உண்டாக்கிடும், அதனால ஒரு துளி கூட சேர்க்காத ஒயின்லயும் அது சுத்தமா ஜீரோன்னு இருக்காது. ஐரோப்பால லிட்டருக்கு 10 மில்லிகிராம தாண்டினா லேபிள்ல 'சல்பைட் உள்ளது'ன்னு போட்டே ஆகணும், சேர்க்காதவங்களும் சில வருஷம் அத போட வேண்டி வந்துடுது, பாவம்.

ஆனா மண்ணு வேற ஒரு வழில உதவுது, என்னைக் கேட்டா எரிமலை மண்ண பத்தி பேச வேண்டியதே அதத்தான். கிரேக்க தீவு சாண்டோரினிய எடுத்துக்கங்க. ஏறக்குறைய 3600 வருஷத்துக்கு முன்னாடி வெடிச்ச எரிமலையோட சாம்பலும் லேசான நுரைக்கல்லும்தான் அங்க மண்ணே, அதுல பொட்டாசியம் ரொம்ப கம்மி. பழத்துல பொட்டாசியம் ஜாஸ்தி ஆனா அது திராட்சையோட முக்கிய புளிப்பான டார்டாரிக் அமிலத்தோட சேர்ந்து புளிப்ப குறைச்சிடும், பிஹெச் ஏறிடும் (பிஹெச்ங்கிறது புளிப்ப காட்டுற எண், புளிப்பு கொறஞ்சா அது ஏறும்). கம்மியா இருந்தா புளிப்பு அப்படியே நிக்கும். அங்க வெளையுற அசிர்டிகோ திராட்சை அவ்வளவு வெயில்ல பழுத்தும் நாக்க சுண்டுற மாதிரி புளிக்குதுன்னா இது ஒரு பெரிய காரணம். பிஹெச் 3.0ல ஒயின்ல வேற எதோடவும் சேராம தனியா இருக்கிற சல்ஃபர் டை ஆக்சைடுல கிட்டத்தட்ட 6 சதவீதம் கிருமிய அடக்குற வடிவத்துல இருக்கும், 3.5ல அது வெறும் 2 சதவீதம். அப்ப ஒரே வேலைய மூணுல ஒரு பங்கு சல்ஃபர வச்சு முடிச்சிடலாம், தைரியம் இருக்கிறவங்க போடாமலும் விடலாம், ஏன்னா அந்தப் புளிப்புல பாக்டீரியாவுக்கே பாதி உயிர் போயிடும்.

இத எல்லா எரிமலைக்கும் பொதுவா சொல்லிட முடியாது. நேப்பிள்ஸ் பக்கத்து வெசுவியஸோட லாவால பொட்டாசியம் ஜாஸ்தி. எட்னால வெள்ளை ஒயினுக்கான காரிகாண்டே திராட்சை புளிப்பா இருக்கிறதுக்கு மண்ண விட உயரம்தான் காரணம், தோட்டங்க சில இடத்துல கடல் மட்டத்துல இருந்து 1000 மீட்டர் வரைக்கும் ஏறுது, ராத்திரி குளுர்ற இடத்துல புளிப்பு எரிஞ்சு போறதில்ல.

கேள்வி: நேச்சுரல் ஒயினும் ஆர்கானிக் ஒயினும் ஒண்ணா?

ஆர்கானிக்னா சட்டம் இருக்கு, சான்றிதழ் இருக்கு, சல்பைட்டும் போடலாம், ஐரோப்பால இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரைக்கும், சாதா ஒயினுக்கு அது 150. பாக்கெட் ஈஸ்ட்டும் போடலாம். நேச்சுரல்ங்கிறதுக்கு ரொம்ப காலம் எழுத்துல எதுவுமே இல்ல, பண்றவங்க வாய் வார்த்தைதான், அதனால ஏமாத்துறதும் சுலபமா இருந்துச்சு. 2020ல பிரான்ஸ்ல 'வான் மெத்தோட் நாத்யூர்'னு ஒரு முத்திரை வந்துச்சு: ஆர்கானிக் திராட்சை, கையால பறிக்கணும், பழத்தோட வர்ற ஈஸ்ட் மட்டும்தான், வேற எதுவும் சேர்க்கக்கூடாது, சல்பைட் போட்டே ஆகணும்னா மொத்தம் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள்ள. மத்த நாட்டுக்காரங்க இன்னும் அவங்கவங்க மனசாட்சிப்படிதான்.

எரிமலை ஊருகள்ல 'கையால பறிக்கணும்'ங்கிற விதிய தனியா எழுதவே வேண்டாம், மெஷின் உள்ள போகவே முடியாது.

கேள்வி: லாவா ஓடின இடத்துல எப்படிங்க கொடி வளரும்? கல்லுல வேர் போகுமா?

புது லாவால போகாது. 1981ல எட்னாவோட வடக்குப் பக்கம் ரந்தாட்சோ ஊர் கிட்ட ஓடின லாவா பல தோட்டத்த முழுங்கிடுச்சு, அது இன்னைக்கும் கருங்கல்லாதான் கெடக்கு. பாறை மேல மொதல்ல பாசி மாதிரி லைக்கன் ஒட்டும், அப்புறம் எட்னா பேர்லயே இருக்கிற மஞ்சப்பூ புதர் வந்து விரிசல்ல வேர் விடும், அது கல்ல ஒடைச்சு மண்ணாக்குறதுக்குள்ள பல தலைமுறை ஓடிடும். சாம்பல் விழுந்த இடம் வேற, அங்க சீக்கிரமாவே நடலாம். அதனாலதான் எட்னால பக்கத்து பக்கத்து தோட்டத்துக்கே மண்ணு மாறுது, ஒண்ணு எந்தக் காலத்து லாவா மேல இருக்கு, இன்னொண்ணு எந்தக் காலத்து சாம்பல் மேல இருக்குங்கிறத பொறுத்து. அந்தத் துண்டுகள அங்க கான்ட்ராடான்னு சொல்றாங்க, அந்தப் பேர லேபிள்லயே போடுறாங்க.

இதுக்கு நேர் எதிரா ஒரு வழி கேனரி தீவுகள்ல லான்சரோட்டேல இருக்கு. 1730ல ஆரம்பிச்சு 1736 வரைக்கும் எரிமலை விடாம கக்குச்சு, நல்ல விவசாய நிலம் நிறைய கருப்புச் சாம்பலுக்கு அடில போயிடுச்சு. எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்கிறப்ப அங்க இருந்தவங்க சாம்பல தோண்டி, பழைய மண்ணு வர்ற வரைக்கும் பெரிய குழி எடுத்து, ஒரு குழிக்கு ஒரு கொடின்னு நட்டாங்க. காத்து பிச்சுக்கிட்டு போகாம இருக்க பிறை வடிவத்துல ஒரு குட்டைச் சுவர், சிமெண்டு எதுவும் இல்லாம கல்லு மேல கல்லு. மழை வருஷத்துக்கு சுமார் 150 மி.மீ.தான். ஆனா மேல கெடக்குற சாம்பல் ராத்திரி பனி ஈரத்த வாங்கி அடில விட்டுடும், பகல்ல அது ஆவியாகாம மூடியும் வச்சிக்கும். லா ஹேரியான்னு அந்த இடத்துக்கு பேரு, போட்டோ பாத்தா வேற கிரகம்னு நெனைப்பீங்க. விளைச்சல் ரொம்ப கம்மி, குழிக்குழியா இறங்கி பறிக்கணும், இதுல லாபம் பாக்குறது எப்படின்னு எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கேள்வி: அங்கெல்லாம் கொடிய ஒட்டுக்கட்டாம சொந்த வேர்லயே வளர்க்குறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அதுல என்ன விசேஷம்?

1860கள்ல அமெரிக்கால இருந்து வந்த ஃபைலாக்செராங்கிற வேர்ப்பூச்சி பிரான்ஸ்ல ஆரம்பிச்சு ஐரோப்பா தோட்டங்கள காலி பண்ணிடுச்சு, அதுக்கப்புறம் அமெரிக்க வேர் மேல ஐரோப்பா கொடிய ஒட்டுறது வழக்கமாயிடுச்சு. அந்தப் பூச்சிக்கு களிமண் வெடிப்பு மாதிரி நகர இடம் வேணும், மணலா சரியுற சாம்பல்ல அதால நகர முடியாது. சாண்டோரினில களிமண்ணே இல்லாத அளவுக்கு கம்மி, அதனால பூச்சி தப்பித்தவறி வந்தாலும் பிழைக்காது. கேனரி தீவுக்கு 2025 வரைக்கும் அது வராமயே இருந்துச்சு, கடல் காப்பாத்துச்சு. சாண்டோரினில கொடிய தரையோட தரையா கூடை மாதிரி சுத்தி வளைச்சு, பழத்த உள்ளாற வச்சு வளர்க்குறாங்க, காத்துக்கும் வெயிலுக்கும் அதுதான் மறைப்பு. கொடி கிழடாகி காய்ப்பு கொறஞ்சா மேல்பாகத்த வெட்டிட்டு அதே வேர்ல இருந்து புதுசா கிளப்புறாங்க. சொந்த வேரால ருசி கூடுதாங்கிறது காலங்காலமா நடக்குற சண்டை, நான் அதுல தலையிடல.

கேள்வி: அந்த ஒயின்கள்ல தீக்குச்சி உரசின வாசனை வருதே, அது எரிமலை வாசனைதானே?

ஈஸ்ட் வாசனை. சாறுல நைட்ரஜன் சத்து கம்மியா இருந்தா ஈஸ்ட் கஷ்டப்பட்டு கந்தகச் சேர்மங்கள வெளிய விடும், சிலது தீக்குச்சி மாதிரி, சிலது அழுகின முட்டை மாதிரி. சத்தில்லாத சாம்பல் மண்ணுல நைட்ரஜன் கம்மியா வர வாய்ப்பிருக்கு, அந்த அளவுக்கு மண்ணுக்கும் பங்கு உண்டுன்னு வேணா சொல்லலாம். சுண்ணாம்பு மண்ணுல வெளைஞ்ச ஒயின்லயும் இதே வாசனை வரும். கண்ணக் கட்டிட்டு ருசி பாத்தா 'எரிமலை' எவ்வளவு சீக்கிரம் காணாம போகுதுன்னு தெரியும். பாறைய உறிஞ்சி கொடி அந்த ருசிய பழத்துல வைக்குதுங்கிறதுக்கு வழியே இல்ல, பாறைக்கு பெருசா ருசியும் இல்ல வாசனையும் இல்ல. மண்ணு தண்ணிய எப்படி விடுது, வெப்பத்த எப்படி பிடிக்குது, எவ்வளவு சத்து தருது, இதுதான் ஒயின மாத்துது.

கேள்வி: நேச்சுரல் ஒயின் கலங்கலா இருந்தா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?

இல்ல. பெரும்பாலும் வடிகட்டாம விட்டிருப்பாங்க, அவ்வளவுதான்.

கேள்வி: குடிச்சு முழுங்கினப்புறம் எலி கூண்டு மாதிரி ஒரு நாத்தம் வந்துச்சு. மொதல்ல மோந்து பாத்தப்ப ஒண்ணுமே தெரியல. என் மூக்குல கோளாறா?

மூக்கு சரியாத்தான் இருக்கு, ஒயின்லதான் கோளாறு. இத மவுஸ்னே சொல்றாங்க. சல்ஃபர் போடாத ஒயின்ல சில லாக்டிக் பாக்டீரியாவும் பிரெட்டனோமைசிஸ்ங்கிற ஈஸ்ட்டும் உண்டாக்குற சேர்மம் அது. ஒயின்ல புளிப்பு இருக்கிற வரைக்கும் அது ஆவியாகாம அடங்கி கெடக்கும், வாய்ல எச்சில் பட்டு புளிப்பு கொறஞ்சதும்தான் எழுந்து வரும், அதான் முழுங்கி பல நொடி கழிச்சு தெரியுது. எல்லாருக்கும் தெரியவும் தெரியாது, அவங்கவங்க எச்சில பொறுத்தது, பக்கத்துல இருக்கிறவர் 'பிரமாதம்'னு சொல்லிட்டு இருப்பார். 'இயற்கையா பண்ணினா அப்படித்தான் இருக்கும்'னு விக்குறவர் சமாளிச்சா நம்பாதீங்க, அது குறைதான். வினிகர் வாடையும் அதே மாதிரிதான், லேசா இருந்தா ரசிக்கலாம், அளவு மீறினா அது வினிகர். சேர்க்காம பண்றதுக்கு சேர்த்து பண்றத விட சுத்தம் ரொம்ப அதிகமா வேணும், அழுகின பழம் ஒண்ணு கூட தொட்டிக்குள்ள போகக்கூடாது.

கேள்வி: பழைய காலத்துல எட்னால எப்படி பண்ணினாங்க? அதே மாதிரி இப்பவும் பண்ண முடியாதா?

பால்மென்டோன்னு லாவா கல்லுல கட்டின கட்டடம் இருந்துச்சு. மேல் தளத்துல பழத்த காலால மிதிப்பாங்க, சாறு தானா கீழ் தொட்டிக்கு ஓடும், பம்ப்பே வேண்டாம். நூத்துக்கணக்குல இன்னும் நிக்குது, ஆனா சுகாதார விதிகளால விக்குறதுக்கான ஒயின அதுல பண்ண விடுறதில்ல. பெல்ஜியத்துல இருந்து வந்து 2000களோட ஆரம்பத்துல எட்னால தோட்டம் போட்ட ஃபிராங்க் கார்னெலிசன் மண் ஜாடிய எரிமலை மண்ணுக்குள்ள பொதைச்சு நொதிக்க வச்சார், சல்ஃபர் சுத்தமா கெடையாது, ஊரே அவரப் பத்தி பேசுச்சு. அப்புறம் அவரே ஜாடிய விட்டுட்டு எந்த ருசியும் சேர்க்காத தொட்டிக்கு மாறிட்டார். எனக்கு அதுதான் புடிச்சிருந்துச்சு, ஜாடி பாக்க அழகா இருக்குங்கிறதுக்காக புடிச்சு தொங்காம இருந்தது.

கேள்வி: எரிமலை வெடிச்சு சாம்பல் விழுந்தா அந்த வருஷ ஒயின்ல புகை வாடை அடிக்குமா?

காட்டுத்தீ புகையோட குழப்பிக்காதீங்க. காட்டுத்தீல மரம் எரிஞ்சு வர்ற குவாயாகால் மாதிரி சேர்மங்கள் பழத்தோல் வழியா உள்ள போயிடும், அப்புறம் ஒயின்ல இருந்து அத எடுக்குறது பெரும்பாடு. எரிமலைச் சாம்பல் எரிஞ்ச மரம் இல்ல, பொடியான கல்லும் கண்ணாடியும். அது பழத்த உரசி கீறிடும், கீறின இடத்துல அழுகல் வரும், இலைய மூடிடும், பறிக்கிறப்ப கைக்கும் கத்திரிக்கும் பிரச்சனை, பழத்தோட தொட்டிக்குள்ள மணலாவும் போகும். 2021ல எட்னா மாசக்கணக்கா சாம்பல வீசுச்சு, கிழக்கு சரிவு ஊர்கள்ல தெருவ கூட்டி அள்ளிக்கிட்டே இருந்தாங்க. பூக்குற நேரத்துல இல்ல பழுக்குற நேரத்துல விழுந்தா நஷ்டம், இலை உதிர்ந்த குளிர்காலத்துல விழுந்தா கொடிக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, மண்ணோட சேர்ந்துடும்.