பகல் கனவை விட்டால்தான் க்ரூப் 4 பாஸ் பண்ண முடியுமா?

அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. க்ரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறீர்கள். புத்தகத்தைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே வேலை கிடைத்து, மாலை மரியாதையோடு ஊருக்குள் நடந்து போவதாகக் கனவு ஓடுகிறது. கனவையும் உழைப்பையும் எப்படிச் சரிபாதியாக வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிபாதிக் கணக்கே வேண்டாம் என்பேன். எவ்வளவு நேரம் கனவு காண்கிறீர்கள் என்பதை விடுங்கள், கனவில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

நான் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். லீவு நாட்களில் நூலகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். அதில் ஒரு தம்பியின் நோட்டில் கடைசிப் பக்கங்கள் பூராவும் அவன் கையெழுத்துதான். பச்சை மையில், பெயருக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. பச்சை மை கெசட்டட் அதிகாரிகளுக்குத்தான், க்ரூப் 4-ல் வந்த எங்களுக்கெல்லாம் ஊதாப் பேனாதான் என்று சொன்னதும் முகம் தொங்கிப் போனது. அதே நோட்டின் முன்பக்கத்தில் கூட்டுவட்டிக் கணக்கு ஒன்று பாதியில் நின்றிருந்தது.

அவன் சோம்பேறி இல்லை. கனவிலேயே வேலையில் சேர்ந்துவிட்டவனுக்குக் கூட்டுவட்டி எதற்கு? மனப்பால் குடித்தால் வயிறு நிரம்பாது, ஆனால் பசி அடங்கிவிடும். அதுதான் ஆபத்து. கேப்ரியேல் ஊட்டிங்கன் என்ற உளவியல் பேராசிரியர் இதைப் பல வருஷமாக ஆராய்கிறார். 2011-ல் ஹெதர் கேப்பஸும் அவரும் வெளியிட்ட ஆய்வில், ஆசைப்பட்டதெல்லாம் அப்படியே நடந்துவிட்டதாகக் கற்பனை செய்தவர்களுக்கு உடம்பில் வேகம் குறைந்தது. ரத்த அழுத்தத்தை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். கலிஃபோர்னியாவில் ஃபாம், டெய்லர் என்ற இருவர் பரீட்சைக்கு முன்னால் கல்லூரி மாணவர்களைப் பிரித்து, ஒரு சாராரை நல்ல மார்க் வாங்கியதாகவும் இன்னொரு சாராரை உட்கார்ந்து படிப்பதாகவும் தினமும் சில நிமிஷம் கற்பனை செய்யச் சொன்னார்கள். 1999-ல் முடிவு வெளிவந்தது. படிப்பதாகக் கற்பனை செய்தவர்கள்தான் சீக்கிரமே புத்தகத்தை எடுத்தார்கள், மார்க்கும் கூட வாங்கினார்கள்.

ஆகவே கனவு வந்தால் விரட்டாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். மாலையை எடுத்துவிட்டு பரீட்சை ஹாலைக் கொண்டு வாருங்கள். 200 கேள்வி, மூன்று மணி நேரம், ஒரு கேள்விக்கு 54 விநாடி. தமிழ்ப் பகுதியை முடித்துவிட்டீர்கள். கணக்கில் ஒன்று இழுக்கிறது, பக்கத்து பெஞ்சில் ஆள் பக்கம் திருப்புகிற சத்தம் கேட்கிறது. அந்தக் கேள்வியை என்ன செய்வீர்கள்? மைனஸ் மார்க் கிடையாது, தோன்றியதை ஷேட் பண்ணிவிட்டு அடுத்ததற்குப் போவீர்களா, அங்கேயே மல்லுக்கட்டுவீர்களா? இந்தக் கனவு ஓடினால் அடுத்த நிமிஷமே கை தானாகப் பழைய கேள்வித்தாளைத் தேடும்.

பஸ்ஸில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது வருகிற கனவை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது பாட்டுக்கு ஓடட்டும்.

இந்தக் கேள்விக்கு எல்லோரும் ‘கனவு காணுங்கள்’ என்று கலாமை இழுப்பார்கள். நானும் இழுக்கிறேன், வேறு காரணத்துக்காக. அவருடைய கனவு போர் விமானி ஆவது. டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் எடுத்தது எட்டுப் பேரை, அவர் வந்தது ஒன்பதாவது. கனவு அங்கேயே முடிந்தது. ஆனால் அந்த ஆசையில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த ஏரோநாட்டிக்ஸ் கையில் இருந்தது, டெல்லியில் வேலைக்குச் சேர்ந்தார், மற்றது ஊருக்கே தெரியும். 2006-ல் ஜனாதிபதியாக சுகோய் போர் விமானத்தில் பறந்தபோது வயது 74.

க்ரூப் 4-லும் இடம் கொஞ்சம், எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில். போஸ்டிங் கிடைக்காவிட்டாலும் கற்ற கணக்கும் தமிழும் அடுத்த நோட்டிஃபிகேஷனுக்கு உதவும். பழைய வினாத்தாள்கள் டி.என்.பி.எஸ்.சி. தளத்திலேயே இருக்கின்றன. ஒன்றை எடுத்து, கடிகாரத்தை வைத்து, இந்த ஞாயிறே எழுதிப் பாருங்கள். கணக்கில் எங்கே மாட்டுகிறது என்று கமெண்டில் போடுங்கள், சொல்கிறேன்.