தட்டச்சுப் பொறியிலிருந்து தொடுதிரைக்கு மாறியதில் உங்களுக்கு எது கடினமாக இருந்தது?

கருவி மாறியது பெரிய கடினமில்லை. எழுத்துகளை அடிக்கும் வரிசை மாறியதே, அதுதான் என்னைப் படுத்தி எடுத்தது.

1986-இல் பத்தாம் வகுப்பு விடுமுறையில் தஞ்சாவூரில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். முதல் பதினைந்து நாளும், இடது கை விரல்கள் நடு வரிசையில் அடிக்கும் ‘யளனகப, யளனகப’ என்ற எழுத்துகளைப் பக்கம் பக்கமாக அடித்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. விசைகளைப் பார்த்து அடித்தால் மாஸ்டருடைய அடிக்கோல் மேசையில் விழும். கையில் படாது, ஆனால் அடுத்த வரி முழுக்கத் தப்பாகும்.

தமிழ்ப் பொறியில் ஒரு விசித்திரம் உண்டு. ‘க்’ வேண்டுமென்றால் முதலில் புள்ளி, அதன் பிறகுதான் க. புள்ளிக்கான விசையை அழுத்தினால் காகிதம் இருக்கும் வண்டி நகராது. வெறும் தாளில் புள்ளி மட்டும் நிற்கும். அடுத்து வரும் க அதன் அடியில் வந்து உட்கார்ந்த பிறகே வண்டி ஒரு இடம் தள்ளும். ‘அம்மா’ என்பது அ, புள்ளி, ம, ம, கால் என்று ஐந்து அடி. 247 எழுத்துகளை நாற்பது சொச்சம் விசைகளில் அடக்க இந்த ‘நகரா விசை’ கைகொடுத்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா பக்கம் போய்ப் பிழைத்த ஆர். முத்தையாவைத்தான் தமிழ்த் தட்டச்சின் தந்தை என்பார்கள். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஒரு வருத்தமும் உண்டு: தமிழில் இத்தனை புள்ளி வரும் என்று தெரிந்தும் அது வலது சுண்டுவிரலின் தலையில்தான் விழுந்தது. மழைக்காலத்தில் அந்த விரல் இன்றும் குடைகிறது.

‘கொ’ அடிக்க ஒற்றைக்கொம்பு, க, கால். கையால் எழுதுகிற அதே வரிசை. அதனால் யாருக்கும் குழப்பமில்லை.

பிறகு ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் எட்டு வருடம் வேலை பார்த்தேன். நிறையப் பிரதி எடுக்க ஸ்டென்சில் என்ற மெழுகுத்தாளை வெட்டும் நாள்தான் பயம். ரிப்பனை விலக்கிவிட்டு வெறும் எழுத்தால் அந்தத் தாளைக் குத்த வேண்டும். தவறினால் நகப்பூச்சு மாதிரி ஒரு திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, அதே இடத்தில் மறுபடி அடிக்க வேண்டும். அழுத்தி அடித்தால் ‘ம’வுக்குள் இருக்கும் வெள்ளை பெயர்ந்து ஓட்டையாகிவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், கணினியில் அச்சுக்கு அடித்துக் கொடுக்கும் டிடிபி கடைக்குப் போனபோது விசைகள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே இருந்தன. புள்ளி மட்டும் எழுத்துக்குப் பின்னால் போயிருந்தது. அந்த எழுத்துருக்களின் கூத்தைச் சொல்ல வேண்டும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்துக் கொடுத்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். ஒருமுறை திருமணப் பத்திரிகை முழுவதும் அப்படி அச்சகத்தில் போய்த் திறந்துகொண்டது. முகூர்த்தத்திற்கு இன்னும் நாள் இருந்ததால் தப்பித்தேன்.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது, என் தொல்லை தொடங்கியது. யூனிகோடில் முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. நான் பழக்கத்தில் ஒற்றைக்கொம்பை முதலில் அடிப்பேன். திரையில் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டம் வந்து, ‘எங்கே உன் எழுத்து?’ என்று கேட்பது போல நிற்கும். ஒரு மாதம் அந்த வட்டங்களை அழித்தே கழித்தேன். விரலுக்குத் தெரிந்ததை மூளையால் மறக்கடிக்க முடியவில்லை.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகைக்கு நான் வெகு தாமதமாகத்தான் மாறினேன். அதில் ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழுந்துவிடும். இதை மட்டும் எண்பத்தாறிலேயே கொடுத்திருந்தால் என் சுண்டுவிரல் பிழைத்திருக்கும்.

தொடுதிரையைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு அது வேகமில்லை. இரண்டு கட்டைவிரல் மட்டும் வேலை செய்ய, எட்டு விரல் சும்மா போனைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியில் மேடு பள்ளம் கிடையாது. அதனால் பார்க்காமல் அடிக்க முடியாது. எந்தப் பழக்கத்துக்காக மாஸ்டர் மேசையைத் தட்டினாரோ அதையே இப்போது செய்கிறேன். பொறியில் ஷிப்ட் விசை உண்மையிலேயே ஒரு கனத்தை நகர்த்தும். போனில் அது ஓர் அம்புக்குறிப் படம். நகம் வளர்ந்துவிட்டால் அதுவும் வேலை செய்வதில்லை. திரைக்கு விரலின் சதை வேண்டும், நகத்தை அது உணர்வதில்லை. ஆனால் தப்பை அழிப்பது எவ்வளவு சுகம்! ஸ்டென்சில் ஊதியவர்களுக்குத்தான் அந்தச் சுகம் புரியும்.

போன வாரம் தம்பி மகள் பக்கத்தில் உட்கார்ந்து நான் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரத்தில் கொம்பை முதலில் தட்டிவிட்டேன், வட்டம் வந்தது. “அத்தை, க சொல்லிவிட்டுத்தானே ஒ சொல்கிறோம்? ஏன் முதலில் கொம்பு?” என்றாள். மூன்றாம் வகுப்பு. “நோட்டில் நீ எப்படி எழுதுகிறாய்?” என்றேன். பென்சிலை எடுத்துக் கொம்பு போட்டாள், க போட்டாள், கால் இழுத்தாள். எழுதியதை ஒருமுறை பார்த்துவிட்டு, “இது நோட்டு அத்தை, அது போன்” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.