சைலன்சர் சூடு, உருகும் வயர், ஆடும் தகடு: கேள்வி பதில்

மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த் தொகுதி), டர்போ (அந்தப் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கருவி), சைலன்சர் குழாய் ஆகியவற்றின் சூட்டிலிருந்து பக்கத்துப் பாகங்களைக் காப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

சேலம்: மேனிஃபோல்டு மேலே உள்ள, சூட்டைத் தடுக்கும் தகடு கடகடவென்று ஆடியது. மெக்கானிக் "இது தேவையில்லை" என்று கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அப்படியே ஓட்டலாமா?

வேண்டாம், திரும்ப மாட்டுங்கள். பெட்ரோல் எஞ்சின் முழு பாரத்தில் ஓடும்போது வெளியேறும் புகை 800 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாகப் பாய்கிறது. மேனிஃபோல்டின் மேற்பரப்பு 600 டிகிரியிலிருந்து 800க்கு ஏறினால் பாயும் சூடு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். எதிரே இருப்பதோ ரப்பர் ஹோஸும் வயரிங் உறையும். நடுவில் நிற்பது அந்த மெல்லிய தகடும் அதன் பின்னால் உள்ள காற்று இடைவெளியும்தான்.

தகடு ஆடுவது பெரும்பாலும் போல்ட் துளை துருப்பிடித்துப் பெரிதானதால். அகலமான ஸ்டெயின்லெஸ் வாஷர் போட்டு முறுக்கினால் சத்தம் நின்றுவிடும். குழாயைச் சுற்றிய தகடு என்றால் பெரிய ஸ்டீல் ஹோஸ் கிளிப் போதும். ஆனால் தகடு குழாயில் ஒட்டும்படி இறுக்காதீர்கள். இடைவெளி போனால் பயனும் போய்விடும்.

கோவை: ரேஸ் கார்களில் செய்வதுபோல் மேனிஃபோல்டு முழுக்க ஹீட் ராப் (சூடு தாங்கும் நாடா) துணி சுற்றலாமா?

தினமும் ஓட்டும் காருக்கு வேண்டாம். சூட்டை அடைத்து வைத்தால் உலோகம் இன்னும் சூடாகும். வார்ப்பிரும்பு விரிசல் விடும், சாதாரண இரும்புக் குழாய் செதில் செதிலாக உரியும். மழைநீர் துணிக்குள் தங்கி அரிக்கும்.

பெங்களூரு: கோவை நண்பரே, நான் சுற்றியிருக்கிறேன். பானட்டுக்குள் சூடு நன்றாகக் குறைந்தது. இவர் தேவையில்லாமல் பயமுறுத்துகிறார்.

சூடு குறைந்ததை நான் மறுக்கவில்லை. உறிஞ்சும் காற்று குளிர்ந்தால் எஞ்சினுக்கும் நல்லதுதான். ஆனால் ரேஸ் அணியினர் எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பார்கள். நீங்கள் சுற்றிய துணியை எப்போது பிரித்துப் பார்ப்பீர்கள்? என் பெரிய பயம் ஆயில். டேப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) பேக்கிங் கசிந்து துணி நனைந்தால் அது விளக்குத்திரிதான். சூடு கிளம்பும் இடத்தைப் பொத்துவதைவிட, சூடு படும் பொருளை மூடுங்கள். வயருக்கும் ஹோஸுக்கும் அலுமினியப் பூச்சுள்ள கண்ணாடி இழை உறை கிடைக்கிறது.

கோவை: ஸ்டெயின்லெஸ் ஹெட்டர் (குழாய்களால் ஆன மேனிஃபோல்டு) என்றாலுமா?

ஸ்டெயின்லெஸ் கூடுதலாகத் தாங்கும். அப்போதும் துணியை விட செராமிக் கோட்டிங்தான் என் தேர்வு. அது நீரையும் ஆயிலையும் உறிஞ்சாது.

பெங்களூரு: செராமிக் விலை தெரியுமா?

தெரியும். தீப்பிடித்தால் ஆகும் செலவும் தெரியும். துணியை எடுக்க மனமில்லை என்றால், ஆயில் கசிவு இருக்கிறதா என்று மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.

காரைக்குடி: அப்பாவின் பழைய பெட்ரோல் அம்பாசிடர் கோடை நெரிசலில் நின்றுவிடுகிறது. அவர் எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் மேல் ஈரத்துணி போடுவார். அது சரியா?

சரியான வைத்தியம்தான். அந்த 1489 சிசி எஞ்சினில் புகை வெளியேறுவதும் காற்று உள்ளே போவதும் ஹெட்டின் (எஞ்சினின் மேல்பாகம்) ஒரே பக்கம். காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்பரேட்டர், மேனிஃபோல்டு சூட்டிலேயே குளிர்காய்கிறது. வண்டி நகராமல் நிற்கும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். பம்புக்குத் திரவத்தைத் தள்ளத்தான் தெரியும், ஆவியைத் தள்ள முடியாமல் தவிக்கும். ஈரத்துணியின் தண்ணீர் ஆவியாகும்போது அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நிரந்தரமாகச் சரிசெய்ய, பெட்ரோல் குழாயை மேனிஃபோல்டிலிருந்து விலக்கிக் கட்டுங்கள், மேலே உறை போடுங்கள். கார்பரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத தடித்த பேக்கிங் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவுக்கு என் வணக்கம்.

திருச்சி: தகடு சத்தம் போடுகிறது, கழற்றிவிடலாமா?

சேலம் நண்பருக்குச் சொன்னதுதான்.

நெல்லை: பட்டறையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு இருக்கிறது, சுற்றட்டுமா?

கூடவே கூடாது. அதன் தூசு நுரையீரலில் புற்றுநோய் வரவைக்கும். வெட்டவோ உதறவோ செய்யாதீர்கள்.

ஓசூர்: ஏசி குளிரவில்லை.

ஏசி மெக்கானிக்கைக் கேளுங்கள்.

ஊட்டி: டர்போ டீசல். மலை ஏறியதும் உடனே அணைக்கலாமா?

ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். உடனே அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, டர்போ பேரிங்கில் மிஞ்சிய ஆயில் கருகிப் படியும். பானட்டுக்குள் பல பாகங்கள் அதிகம் சூடாவதும் அணைத்த பிறகுதான்.

வேலூர்: பழைய கார் வாங்கினேன். தகடே இல்லை. பரவாயில்லையா?

தகட்டைப் பற்றி மூன்றாவது கேள்வி. பரவாயில்லை என்று நான் சொல்லப்போவதே இல்லை. கம்பெனித் தகடு வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய உதிரிபாகக் கடையில் தேடுங்கள்.

கிருஷ்ணகிரி: எங்கள் பக்கம் சாலையில் கொள்ளுச்செடி போட்டு அடிக்கிறார்கள். அதன் மேல் போகலாமா?

நல்லவேளை கேட்டீர்கள். முடிந்தால் சுற்றிப் போங்கள். காய்ந்த கொடி ஆக்சிலில் சுற்றிக்கொண்டு சைலன்சரிலோ கேட்டலிடிக் கன்வெர்ட்டரிலோ (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) பட்டால் தீப்பிடிக்கும். அடியில் தகடு இல்லாத கார் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். போயே ஆக வேண்டும் என்றால் நடுவில் நிற்காமல் கடந்துவிடுங்கள். வெறும் தார்ச்சாலைக்கு வந்ததும் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அடியில் குனிந்து பாருங்கள். புகை வந்தால் முதலில் எல்லாரையும் இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள். புகை இல்லாமல் கொடி மட்டும் சிக்கியிருந்தால், சூடு ஆறியதும் கம்பியால் இழுத்து எடுங்கள். கையால் எடுக்காதீர்கள்.