சின்னக் கேமராவில் மேக்ரோ: வாங்குவோர் கேள்வி-பதில்

ஆர்.எஸ்., மயிலாப்பூர்: எனக்கு 63 வயது. மொட்டைமாடித் தோட்டத்துப் பூச்சிகளைப் படமெடுக்க ஆசை. கழுத்து வலி இருப்பதால் கனம் தூக்க முடியாது. "மேக்ரோ என்றால் ஃபுல் ஃபிரேம்தான் வாங்கணும்" என்கிறார் கடைக்காரர். அப்படியா?

இல்லைம்மா. மேக்ரோவுக்கு, அதாவது பூச்சி போன்ற சின்னவற்றை மிக அருகிலிருந்து பெரிதாக எடுப்பதற்கு, சின்ன சென்சார் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) பல விதத்தில் வசதிதான். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சின்னக் கேமரா வகையில் சென்சாரின் அகலம் 17.3 மி.மீ. ஃபுல் ஃபிரேமுக்கு 36 மி.மீ. இரண்டிலும் 1:1 லென்ஸ் (பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழும்) மாட்டி ஒரே எறும்பை எடுத்தால், சின்ன சென்சாரில் அந்த எறும்பு படத்தின் அகலத்தில் இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். பெரிய கேமராவில் லென்ஸின் துளையை எஃப் 16 வரை சுருக்கிப் பெறும் கூர்மையின் ஆழம் இங்கே எஃப் 8-லேயே கிடைத்துவிடும். வெளிச்சம் மங்கினால் படத்தில் புள்ளி தட்டும், அது ஒன்றுதான் குறை. அதற்கும் ஃபிளாஷ் இருக்கிறது.

எடையைப் பாருங்கள். ஃபுல் ஃபிரேமுக்கான கேனானின் ஆர்எஃப் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் மட்டும் 730 கிராம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கான ஒலிம்பஸ் 60 மி.மீ. எஃப் 2.8 மேக்ரோ 185 கிராம். உங்களுக்கு நான் சொல்வது இந்த 60-ஐத்தான். 30 மி.மீ. மேக்ரோ லென்ஸ்கள் விலை குறைவு என்று காட்டுவார்கள். பூச்சிக்கு அவை வேண்டாம். 1:1 வரை போனால் லென்ஸின் மூக்குக்கும் பூச்சிக்கும் இடையே ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் மிஞ்சும். பூச்சி பறந்துவிடும், பறக்காவிட்டால் லென்ஸின் நிழல் அதன் மேல் விழும். 60-இல் ஏறக்குறைய 9 செ.மீ. இடம் கிடைக்கும்.

கேமரா பழைய மாடலாக இருந்தாலும் போதும். மேக்ரோவில் ஃபோகஸை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துத்தான் எடுக்கப்போகிறீர்கள். புது மாடலின் ஆட்டோஃபோகஸுக்குக் கொட்டிக் கொடுக்கும் பணம் வீண். கேமராவுக்குள்ளேயே அசைவுத் தடுப்பு இருக்கிறதா, ஃபிளாஷ் மாட்ட முடியுமா என்று மட்டும் பாருங்கள். லென்ஸோடு சேர்த்துப் பத்து நிமிடம் கையில் பிடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், எங்கேயும் போக வேண்டாம். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். அதன் இளம் புழு பறவை எச்சம் போலவே இருக்கும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி, அதன் தேனுக்கு வரும் எறும்பு. தெருமுனையில் எருக்கஞ்செடி இருந்தால் தண்டை அப்பிக்கொண்டு மஞ்சள் அசுவினி. வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால் எல்லாம் கொஞ்சம் மந்தமாக இருக்கும்.

வி.எம்., ஆவடி: என் ஜூம் லென்ஸில் 'மேக்ரோ' என்று அச்சடித்திருக்கிறது. ஆனால் எறும்பு எறும்பளவுதான் விழுகிறது.

அச்சை நம்பாதீர்கள். விவரப் பட்டியலில் அதிகபட்ச உருப்பெருக்கம் எவ்வளவு என்று பாருங்கள். 0.25 (நிஜ அளவில் கால் பங்கு) என்றிருந்தால் அது பூவுக்கு ஆகும், எறும்புக்கு ஆகாது. லென்ஸை விற்கவும் வேண்டாம். ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற க்ளோஸ்-அப் லென்ஸ் முன்பக்கத்தில் கவ்விக்கொள்ளும். 8 டயாப்டர் சக்தி. 52 முதல் 67 மி.மீ. வரையுள்ள ஃபில்டர் இழைகளுக்குப் பொருந்தும். ஜூமை முழுக்க நீட்டி வைத்துப் பயன்படுத்துங்கள்.

கே.டி., தாம்பரம்: என் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் ஒன்றை ஆன்லைனில் மலிவாக வாங்கினேன். மாட்டினால் 'லென்ஸ் இல்லை' என்கிறது கேமரா.

அந்த ட்யூப்பில் மின்தொடர்பு முனையே இருக்காது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் லென்ஸ்களில் அப்பர்ச்சர் (லென்ஸின் துளை), ஃபோகஸ் இரண்டும் மின்சாரத்தில்தான் இயங்கும். தொடர்பு அறுந்தால் லென்ஸ் அசையாது. இதே மாதிரி ஒன்றை நானும் வாங்கியிருக்கிறேன். வெறும் உலோக வளையம், அவ்வளவுதான். விற்பனைப் பக்கத்தில் 'ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும்' என்று போட்டிருந்தால் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு திருப்பி அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, உங்கள் புகார் கிடைத்ததை அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்த முறை 10, 16 மி.மீ. ஜோடியாக, மின்தொடர்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பி.என்., போரூர்: 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா உள்ள போன் வாங்கலாமா?

அதற்காக வாங்காதீர்கள்.

கல்லூரி மாணவர், பெரம்பூர்: பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு கடையில் பழைய 60 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கினேன். "பில் வேண்டாம் என்றால் 2,000 குறைச்சுக்கலாம்" என்றார்கள். வீட்டில் பார்த்தால் உள்ளே பூஞ்சை. "விற்ற பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். யுபிஐ-இல்தான் பணம் கொடுத்தேன்.

தம்பி, முதலில் ஒன்று: தப்பு உங்கள் மேல் இல்லை. பில்லைத் தள்ளுபடியாக மாற்றி விற்கும் பழக்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வருகிறது. 2,000 ரூபாய் குறைக்கிறார்கள் என்றால் அது அவர்கள் தரும் சலுகை இல்லை. வரியை ஏய்த்து, உங்கள் கையிலிருக்க வேண்டிய முக்கியமான சாட்சியத்தையும் பறித்துக்கொள்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் கொடுக்காததையே முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் கேட்டால் எடுத்தாக வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பலகை எழுதி மாட்டிவிட்டால் இந்தச் சட்டம் செல்லாமல் போய்விடாது. பழைய பொருள் என்றாலும் விற்றது கடைதானே. தனி ஆள் ஒருவரிடம் வாங்கியிருந்தால்தான் இந்த வழி கிடையாது.

புதுப் பொருளாக வரும் இறக்குமதி லென்ஸிலும் இதே கதை நடக்கிறது. பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை ஒட்டியிருக்காது. கேட்டால் "எல்லாம் ஒரே லென்ஸ்தான் சார்" என்பார்கள். ரிப்பேர் வரும்போது இந்திய வாரன்ட்டி இல்லை என்று தெரியும். ரிச்சி ஸ்ட்ரீட் ஆனாலும் பர்மா பஜார் ஆனாலும் பெரிய ஷோரூம் ஆனாலும், சீரியல் எண் எழுதிய பில் வராமல் பணம் போகக்கூடாது.

இப்போது செய்ய வேண்டியது. யுபிஐ பரிவர்த்தனை விவரம், வாட்ஸ்அப் பேச்சு, லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்து எடுத்த பூஞ்சைப் படம், மூன்றையும் சேர்த்து வையுங்கள். கடைக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். பலனில்லை என்றால் 1915-க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே மனு போடலாம். இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, ஆனால் இந்த வாரமே தொடங்குங்கள். அந்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.

ஜே.பி., வேளச்சேரி: வண்டு முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. 4,000 ரூபாய்க்கு ரிங் லைட் வாங்கச் சொல்கிறார்கள்.

வாங்கினால் பளிச்சிடும் இடம் வட்டமாக மாறும், போகாது. நான் வாங்கிய எல்இடி ரிங் லைட் அலமாரியில் சும்மா கிடக்கிறது. வெளிச்சமும் பத்தவில்லை. உங்களுக்கு வேண்டியது பூச்சியின் அளவோடு ஒப்பிட்டால் பெரிய, மென்மையான வெளிச்சம். பார்சலில் வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள், இல்லாவிட்டால் ட்ரேசிங் பேப்பர், எதையாவது வளைத்து ஃபிளாஷுக்கும் லென்ஸ் நுனிக்கும் மேலே கூரை போல ஒட்டுங்கள். பூச்சிக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ அவ்வளவு நல்லது. எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200, ஃபிளாஷ் சக்தியைக் குறைத்து வையுங்கள். சக்தி குறையக் குறைய ஃபிளாஷ் மின்னும் நேரமும் குறுகும், அதனால் கை நடுங்கினாலும் படம் கலங்காது. வண்டின் ஓட்டில் நிறம் திரும்பி வருவதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு ஃபோமைக் கழற்றவே மாட்டீர்கள்.

எல்.ஆர்., கீழ்ப்பாக்கம்: லென்ஸைத் தோல் பையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்து பார்த்தால் பூஞ்சை. வாரன்ட்டியில் மாற்றித் தருவார்களா?

மாட்டார்கள், கேட்கவும் நியாயமில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சென்னையில் தோலே பூசணம் பிடிக்கும். காற்றுப் புகாத சமையலறை டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்துங்கள்.

எஸ்.வி., அடையாறு: 60 மி.மீ. வாங்கி எட்டு மாதம் ஆகிறது, இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை. 2023-இல் வந்த 90 மி.மீ. மேக்ரோ 2:1 வரை போகுமாமே, வாங்கலாமா?

போகும், அருமையான லென்ஸ். 453 கிராம். உங்களுக்கு இப்போது வேண்டாம்.