டிஸ்லெக்சியா இருந்தால் எழுத்துப்பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி?

மூன்று முறை படித்தும் உங்கள் பதிவில் பிழை கண்ணில் படுவதில்லை, எல்லோரும் கவனக்குறைவு என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கவனக்குறைவே இல்லை. டிஸ்லெக்சியா என்பது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் சிரமம்; எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கும் இடத்தில்தான் சிக்கல், அறிவில் இல்லை. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் டிஸ்லெக்சியாவை ஒரு கற்றல் குறைபாடாக ஏற்றிருக்கிறது.

எனக்கும் டிஸ்லெக்சியா உண்டு. திரும்பத் திரும்பப் படிப்பதை விட்டுவிட்டேன். எழுதியவர் கண் திரையில் இருப்பதைவிட, எழுத நினைத்ததையே படிக்கும். அதனால் போனை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். 'படித்தேன்' என்பது 'படிதேன்' என்று ஒலித்தால் காதில் உடனே உறுத்தும். விட்டுப்போன சொல்லும் அப்படித்தான் சிக்கும்.

ஆனால் 'அரை', 'அறை' இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். 'பனி', 'பணி'யும் அப்படியே. இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் வாணி போன்ற பிழைதிருத்தியும் இவற்றை விட்டுவிடலாம். இதற்காகவே நான் வழக்கமாகத் தடுமாறும் சொற்களைப் போனில் குறித்து வைத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பேன். 'பணி' அகப்பட்டால், இங்கே வேலையா, குளிரா? அந்த ஒரு கேள்வி போதும். முழுப் பதிவையும் படிப்பதைவிட இது எவ்வளவோ இலகு.

அப்புறம், 'கெ', 'கே' கொம்புகள். ஒலியில் பின்னால் வரும் உயிர், எழுத்தில் முன்னால் நிற்கிறது, குழம்புவது இயல்பு. எழுத்தைப் பெரிதாக்கி, வரி இடைவெளியையும் கூட்டிப் பாருங்கள். அவசரமில்லாத பதிவென்றால் மறுநாள் காலையில் இதைச் செய்யுங்கள்.