இறங்கியது கர்ப்பப்பையா, சிறுநீர்ப்பையா?

கேள்வி: எனக்கு 54 வயது. மூன்றும் சுகப்பிரசவம், கடைசிக் குழந்தை நாலு கிலோ. மாதவிலக்கு நின்று நாலு வருஷம் ஆகிறது. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். கொஞ்ச நாளாகச் சாயங்காலம் ஆனால் அடியில் ஏதோ தள்ளுகிற மாதிரி இருக்கிறது. குளிக்கும்போது கையில் உருண்டையாகத் தட்டுப்படுகிறது. படுத்து எழுந்தால் காணோம். சிறுநீர் போய்விட்டு வந்தாலும் உடனே திரும்பப் போக வேண்டும் போல இருக்கிறது. சில நேரம் அந்த உருண்டையை விரலால் உள்ளே தள்ளினால்தான் முழுதாகப் போகிறது. முன்பெல்லாம் இருமினால் சொட்டும். அது மட்டும் இப்போது நின்றுவிட்டது. வயிற்று ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "கர்ப்பப்பை இறங்கிடுச்சு, எடுக்கத்தான் சொல்லுவாங்க" என்கிறார். கேன்சராக இருக்குமோ என்று தூக்கமே வரவில்லை. ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

பதில்: முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற பயத்துக்கு வருகிறேன். காலையில் காணாமல் போய், மாலையில் வந்து, விரலால் தள்ளினால் உள்ளே போகிற உருண்டை பெரும்பாலும் புற்றுநோய்க் கட்டி அல்ல. உள்ளே இருக்க வேண்டிய உறுப்பு தாங்கல் தளர்ந்து கீழே வருகிறது, அவ்வளவுதான். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இறங்கியிருப்பது முக்கியமாகச் சிறுநீர்ப்பை என்றே தோன்றுகிறது. கர்ப்பப்பையும் கொஞ்சம் கூடவே இறங்கியிருக்கலாம். எது, எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் எடுக்கச் சம்மதிக்காதீர்கள். உங்கள் கடிதத்துக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான்.

சிறுநீர்ப்பை பிறப்புறுப்பின் முன்சுவர் மேல், தூளியில் குழந்தை கிடப்பது போலக் கிடக்கிறது. அந்தச் சுவரில் உள்ள உறுதியான சவ்வும் அதற்குக் கீழே இடுப்புத் தளத்துத் தசைகளும்தான் தாங்கல். பிரசவத்தில் குழந்தையின் தலை இறங்கும்போது இவை இழுபடுகின்றன, சில நேரம் கிழிந்தும் போகின்றன. குழந்தை பெரிதாக இருந்தாலோ, ரொம்ப நேரம் முக்க வேண்டியிருந்தாலோ, ஆயுதம் போட்டு எடுத்திருந்தாலோ சேதம் அதிகம். இளவயதில் மிச்சத் தசை சமாளித்துக்கொள்ளும். மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் திசு மெலிகிறது, பழைய சேதம் அப்போது வெளியே தெரிகிறது. அதற்கு மேல் நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், உடல் பருமன், தினமும் பாரம் தூக்குவது எல்லாம் சேர்ந்தால் இறக்கம் வேகமாகும். சிசேரியன் ஆனவர்களுக்கும், குழந்தையே பெறாதவர்களுக்கும்கூட வரும், குறைவாக.

இருமினால் சொட்டுவது தானாக நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது குணமானதன் அடையாளம் அல்ல. சிறுநீர்ப்பை நன்றாக இறங்கும்போது சிறுநீர்க் குழாய் மடங்கிக்கொள்கிறது. அதனால் கசிவு அடைபட்டுவிடும். அதே மடிப்புதான் முழுதாகப் போகவும் விடுவதில்லை. விரலால் மேலே தள்ளும்போது மடிப்பு நிமிர்கிறது, சிறுநீர் போகிறது. நீங்களாகக் கண்டுபிடித்த அந்த வழி தப்பில்லை, கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு செய்யுங்கள். ஆனால் இந்தப் பழைய கசிவைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இறக்கத்தை மட்டும் தூக்கிச் சரிசெய்தால் மறைந்திருந்த கசிவு திரும்ப ஆரம்பிக்கலாம். "ஆபரேஷன் பண்ணித்தான் எனக்கு ஒழுக ஆரம்பித்தது" என்று எத்தனையோ பேர் வருத்தப்படுவது இதனால்தான். முன்கூட்டியே தெரிந்தால் உருண்டையை உள்ளே தள்ளி வைத்து இருமச் சொல்லிப் பார்த்து, என்ன செய்யலாம் என்று திட்டமிடுவார்கள்.

ஸ்கேன் நார்மல் என்றதைப் பற்றி. மல்லாந்து படுத்திருக்கும்போது எடுக்கிற சாதாரண வயிற்று ஸ்கேன் இறக்கத்தைக் காட்டாது. படுத்தால்தான் அது உள்ளே போய்விடுகிறதே! இதைக் கண்டுபிடிப்பது டாக்டரின் கண்ணும் கையும்தான். மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவரிடம் போங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. சிம்ஸ் ஸ்பெக்குலம் என்ற வளைந்த கருவியால் பின்சுவரை விலக்கிப் பிடித்து, முக்கவும் இருமவும் சொல்வார்கள். முன்சுவர் புடைத்து வந்தால் சிறுநீர்ப்பை, நடுவில் கர்ப்பப்பை வாய் இறங்கினால் கர்ப்பப்பை, பின்சுவர் புடைத்தால் மலக்குடல். ஒன்றுக்கு மேல் சேர்ந்து இறங்குவதும் சாதாரணம். வலிக்காது, சில நிமிஷ வேலை. படுத்திருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை என்றால், "என்னை நிற்க வைத்துப் பாருங்கள் டாக்டர், சாயங்காலம்தான் வருகிறது" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

கூடவே மூன்று பரிசோதனைகள் போதும். ஒன்று, கிருமித் தொற்று இருக்கிறதா என்று சிறுநீர். இரண்டு, சர்க்கரை, அடிக்கடி போவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். மூன்று, சிறுநீர் கழித்த உடனே பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கிற ஸ்கேன். 100 மில்லிக்கு மேல் தேங்கினால் கவனிக்க வேண்டும். தேங்கிய நீரில்தான் திரும்பத் திரும்பத் தொற்று வரும். இறக்கம் ரொம்ப அதிகமாகி முழுதாக வெளியே வந்துவிட்டவர்களுக்குச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

சரி, ஆபரேஷன் இல்லாமல் முடியுமா? பலருக்கு முடியும். இறக்கத்துக்கு ஒன்றிலிருந்து நாலு வரை நிலை சொல்வார்கள். ஆனால் சிகிச்சையை முடிவு செய்வது அந்த எண் மட்டும் இல்லை; உங்களுக்கு அது எவ்வளவு தொந்தரவு என்பதுதான். தொந்தரவே இல்லாத சின்ன இறக்கத்தை அப்படியே விட்டுவிட்டு அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

முதல் வேலை கெகல் பயிற்சி. 1948-இல் ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க டாக்டர் எழுதி வைத்தது, இன்றும் முதல் சிகிச்சை இதுதான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயு பிரியாமல் அடக்குவோமே, அந்த இறுக்கம்தான் பயிற்சி. உள்பக்கமாக, மேல்நோக்கி இழுக்க வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கவும் கூடாது. ஐந்து விநாடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். போகப் போகப் பத்து விநாடி. ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை. சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகுவது வேண்டாம், ஏற்கெனவே தேங்குகிற பைக்கு அது கெடுதல். பலர் தெரியாமல் உள்ளே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குகிறார்கள். அப்படிச் செய்தால் இறக்கம் கூடும். அதனால் ஒரு தடவையாவது டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ விரல் வைத்துப் பார்த்து, சரியாகச் செய்கிறீர்களா என்று சொல்லட்டும். நாலு மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். வெளியே வந்துவிட்ட உருண்டையை இது உள்ளே இழுத்துவிடாது. அடியில் தள்ளுகிற உணர்வும் கசிவும் குறையும், மேலும் இறங்குவது மட்டுப்படும்.

மாவு வேலையை விடச் சொல்லமாட்டேன், அது உங்கள் வருமானம். ஆனால் நிறைந்த மாவு வாளியைத் தரையிலிருந்து ஒரே இழுப்பில் தூக்காதீர்கள். இரண்டு பாதி வாளியாக்குங்கள். ஸ்டூல் மேல் வைத்தால் குனிய வேண்டாம். தூக்கும் முன் தசையை இறுக்கி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்குங்கள். கிரைண்டர் கல்லை வீட்டில் வேறு யாராவது எடுத்து வைக்கட்டும். இருமும் முன்பும் தும்மும் முன்பும் இதே இறுக்கம் வேண்டும்.

இருமல் நாள்பட இருந்தால் அதற்கும் காரணம் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வறட்டு இருமல் வருவதுண்டு. நீங்களாக நிறுத்தாமல், டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றிக்கொடுப்பார். மலச்சிக்கலுக்குக் கீரை, கொய்யா, வாழைத்தண்டு, போதுமான தண்ணீர். குத்த வைத்து உட்கார்வது கெடுதல் இல்லை, முக்குவதுதான் கெடுதல். அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், தொற்றுதான் வரும்.

பெசரி என்ற சிலிக்கோன் வளையத்தைப் பற்றி நம் ஊரில் போதுமான அளவு சொல்லப்படுவதே இல்லை என்பது என் ஆதங்கம். பிறப்புறுப்புக்குள் பொருத்தினால் உருண்டையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். சரியான அளவு என்றால் உள்ளே இருப்பதே தெரியாது. பொருத்தியதும் நடந்து, உட்கார்ந்து, முக்கி, சிறுநீர் போய்ப் பார்த்த பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள். நழுவினால் வேறு அளவு போடுவார்கள். சிலர் வாரம் ஒருமுறை தாங்களே எடுத்துக் கழுவிப் போட்டுக்கொள்கிறார்கள். முடியாதவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போக வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. போட்டதையே மறந்து வருஷக்கணக்கில் விட்டால் புண்ணாகி, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டைகூட விழலாம். திசு வறண்டிருப்பதால் ஈஸ்ட்ரோஜன் க்ரீமும் தருவார்கள், வழக்கமாக இரண்டு வாரம் தினமும் இரவில், அப்புறம் வாரம் இரண்டு முறை. அது இறக்கத்தைத் தூக்காது, திசுவை வலுவாக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இவற்றால் தீரவில்லை, அல்லது வளையத்தோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றால் ஆபரேஷன். முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, பிறப்புறுப்பு வழியாகவே முன்சுவரைத் திறந்து, தளர்ந்த சவ்வை இழுத்துத் தைப்பார்கள். வயிற்றில் வெட்டு இல்லை. கர்ப்பப்பையும் இறங்கியிருந்தால் அதை எடுத்தோ, எடுக்காமல் தூக்கிக் கட்டியோ செய்யலாம். கர்ப்பப்பையை எடுப்பதனால் மட்டும் சிறுநீர்ப்பை மேலே போகாது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் இதுதான் சிக்கல். எடுத்தாலும் முன்சுவரைத் தைத்து, பிறப்புறுப்பின் உச்சியை, அதாவது உள்ளே இருக்கும் மேல்முனையை, இடுப்பில் உறுதியான இடத்தில் கட்டி நிறுத்தவும் வேண்டும். இல்லாவிட்டால் சில வருஷத்தில் திரும்ப இறங்கும். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "உச்சியை எதில் கட்டுவீர்கள்?" குழந்தை பெறும் வயதில் இறக்கம் வந்த பெண்களுக்குக் கர்ப்பப்பையைக் காப்பாற்றவென்றே பம்பாய் டாக்டர்கள் ஷிரோத்கரும் புரந்தரேயும் தூக்கிக் கட்டும் முறைகளை உருவாக்கித் தந்தார்கள், அவை இன்றும் நடக்கின்றன. பிறப்புறுப்பு வழியாகச் செயற்கை வலை வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நன்றாக யோசியுங்கள். 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இறக்கத்துக்கான அந்த வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டது.

ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாள் யூரின் டியூப் இருக்கும். ஆறு வாரம் வாளி, குடம், பேரக்குழந்தை எதையும் தூக்கக் கூடாது, தாம்பத்திய உறவும் வேண்டாம். அந்த ஆறு வாரம் மாவுக் கடையை யார் பார்ப்பார்கள் என்று முடிவு செய்த பிறகு தேதி குறியுங்கள். இரண்டாம் வாரமே வேலைக்கு இறங்கித் தையலைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய. அரசு மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போய்க் கேளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. இறக்கம் இருக்கும்போது தாம்பத்திய உறவு கொண்டால் எதுவும் கெட்டுப்போகாது. படுத்தால் உருண்டை உள்ளே போய்விடும். வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் வழி உண்டு.

சாதாரணமாக இது அவசரம் இல்லை, நிதானமாக முடிவு செய்யலாம். ஆனால் சிறுநீர் வருகிற மாதிரி இருந்தும் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை, குளிர் காய்ச்சலோடு விலாவில் வலிக்கிறது, வெளியே வந்த உருண்டை வீங்கி உள்ளே போக மறுக்கிறது என்றால் மறுநாள் ஓ.பி. வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், உருண்டை துணியில் உரசிப் புண்ணானதால்தான் என்று நீங்களே தீர்மானித்துவிடாமல் அந்த வாரமே காட்டுங்கள். அப்படி இரத்தம் பட்டால் மட்டும், புற்றுநோய் இல்லை என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.